ஒன்பது இடது காதுகள்

தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ஆடு விருத்தி நிலையத்தின் அதிகாரி டாக்டர் அம்பலவாணன் அவர்களே, நிலைய ஊழியர்களே, திருப்புல்லாணிப் பெரியோர்களே, பந்தலுக்குள் வர மறுத்து வெளியே உடைமர நிழலில் நின்றுகொண்டிருக்கும் உப்புத்திடல் தாய்மார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கொஞ்சம் கூடினால் தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இருபத்து நான்கு வருடமாக இந்தக் கடற்கரையில் செய்தி எழுதுகிறேன். மற்றவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்வதுதான் என் வேலை. மேடையேறிப் பழக்கமில்லை. இன்று பேசியே தீர வேண்டியிருக்கிறது.

எனக்கு முன்னால் பேசிய அதிகாரி அவர்கள், மறைந்த ஸ்டாக்மேன் கூத்தையாவைக் "கடமை தவறாத ஊழியர்" என்றார். இரண்டு முறை சொன்னார். குறித்துக்கொண்டேன். கடமை தவறாதவர்தான். ஆனால், ஐயா, அவர் யாருக்குக் கடமைப்பட்டிருந்தார்? அந்தக் கடமையை அவர் செய்ய முடியாமல் தவறவைத்தது யார்? அதைச் சொல்லாமல் இந்தப் படத்துக்கு மாலை போட என் கை வரவில்லை.

கூத்தையா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். டாக்டருக்குக் கீழே, ஊர் ஊராகப் போய் ஊசி போடுவதும் புண் கழுவுவதும் கிடாக்களைக் காயடிப்பதும் ஸ்டாக்மேன் வேலை. பத்து வருடத்துக்கு முன்னால் இந்த நிலையம் தொடங்கியபோது வந்த உத்தரவு என்ன? வடக்கேயிருந்து நீளக் காதும் நெட்டைக் காலுமாகப் பெரிய கிடாக்கள் வரும். இங்குள்ள பெட்டைகளுக்கு அவற்றைச் சேர்க்க வேண்டும். சிறுத்துப்போன நம் ஊர்க் கிடாக்களை எல்லாம் காயடித்துவிட வேண்டும். ஆடு பெரிதாகும், பால் பெருகும், கறி பெருகும். நல்ல எண்ணம்தான். நானே பாராட்டி எழுதினேன். காயடிக்கும் இடுக்கியைக் கையில் பிடித்தவர் கூத்தையா.

அவர்தான் முதலில் சந்தேகப்பட்டார். ஏன்?

உப்புத்திடல் எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்குத் தெரியும். பங்குனி பிறந்தால் ஊத்துத் தண்ணீர் உவர்க்கும். சித்திரையில் அதை மனிதன் வாயில் வைக்க முடியாது. கடல் தண்ணீரில் உள்ள உப்பில் மூன்றில் ஒரு பங்கு அதில் இருக்கிறது என்று அவர் சீசாவில் பிடித்து அனுப்பிப் பரிசோதித்து வைத்திருந்தார். முதல் கோடையிலேயே, கொடுத்த கலப்புக் குட்டிகள் அறுபத்து மூன்றில் ஆடி மாதம் மிஞ்சியவை ஏழு. அதே வயதில், அதே மணலில், அதே ஊத்தில் குடித்த திடல் குட்டிகள் அறுபத்து மூன்றை அவர் எண்ணிப் பார்த்தார். ஐம்பத்தொன்று உயிரோடு இருந்தன!

பழக்கம் என்றார் அதிகாரி. எந்த ஆட்டையும் பழக்கினால் உப்புத் தண்ணீர் குடிக்கும் என்றார். கூத்தையா வாதாடவில்லை. வடக்கத்திக் குட்டிகளைப் பிறந்த அன்றே திடலுக்குக் கொண்டுபோய்த் திடல் ஆட்டின் மடியில் பால் குடிக்கவிட்டு, அந்த ஊத்திலேயே வளர்த்தார். திடல் குட்டிகளை நிலையத்தில் நல்ல தண்ணீரில் இரண்டு தலைமுறை வளர்த்தார். பிறகு இரண்டுக்கும் உவர்த் தண்ணீர் வைத்தார். ஊத்திலேயே வளர்ந்தவை வற்றிப்போயின. உப்பையே அறியாதவை குடித்துவிட்டு மேயப் போயின. பழக்கமா அது? பிறப்பு! இரத்தத்தில் வருகிற குணம்! எத்தனை நூறு கோடைகள் பலவீனமானவற்றைக் கொன்று கொன்று மிச்சம் வைத்த குணம்! உடம்பு சிறுத்தது ஊட்டம் இல்லாமல் அல்ல, சிறிய உடம்புக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும் என்பதால்தான் என்று அவர் எழுதி வைத்தார்.

குணம் எந்த வழியில் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தாயும் தெரிய வேண்டும், தகப்பனும் தெரிய வேண்டும். இங்கேதான் அவர் திடல் தாய்மார்களிடம் மாணவராகப் போனார்.

அதிகாரி அவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். திடலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காது வெட்டு உண்டு. கட்டிக்கொடுக்கிற பெண்ணோடு சீராகப் போகிற ஆட்டின் இடது காதில் பிறந்த வீட்டு வெட்டு இருக்கும். வாக்கப்பட்ட வீட்டு வெட்டு வலது காதில் ஏறும். அந்த ஆடு ஈனும் குட்டிக்கும், தாயின் இடது காதில் என்ன வெட்டோ அதே வெட்டுதான் இடது காதில். ஆடு எத்தனை வீடு மாறினாலும் இடது காது மாறாது. தாய் வழி முழுவதும் அந்தக் காதில் இருக்கிறது! நிலையத்தில் அந்த வெட்டுகளைக் காதுப் புண் என்று நினைத்து மருந்து தடவியிருக்கிறார்கள். கூத்தையா ஒருவர்தான் அதைப் படித்தார்.

தகப்பனைத் தெரிந்துகொள்ள வேறு வழி செய்தார். எந்தக் கிடா எந்தப் பெட்டையோடு சேர்கிறது என்பது கட்டுக்குள் இருக்க, கிடாக்களின் வயிற்றுக்குக் கீழே கோணிச் சாக்கைக் கட்டச் சொன்னார். முதல் நாள் அவர் சாக்கும் கயிறுமாகப் போனபோது நானும் கூட இருந்தேன். பிச்சையம்மாள் அக்கா கேட்டார்:

"ஏப்பா கவர்மெண்டு, மனுசப் பயலுக ரெண்டு பேரு அங்கன கோவணத்தோட திரியிறான். அவுகளுக்கு ஒரு வேட்டி குடுக்க வக்கில்ல. எங்க கிடாவுக்குக் கோவணங் கட்ட வந்துட்டியாக்கும்?"

"அக்கா, அவுக தகப்பன் யாருன்னு ஊருக்கே தெரியும். உங்க குட்டிக்கு யாருன்னு நீங்க சொல்லுங்க, நான் சாக்க எடுத்துட்டுப் போறேன்" என்றார் இவர்.

அன்று சிரித்த சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து அவருக்குத் திடலில் "கவர்மெண்டு" என்றே பெயர். செல்லப் பெயர். பின்னால் அதுவே வசவாகப் போகும் என்று யார் நினைத்தோம்?

எட்டு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு குட்டிகள். ஒவ்வொன்றுக்கும் தாய், தகப்பன், சித்திரையில் குடித்த தண்ணீர், எடை. தூய திடல் ஆடு இரண்டு நாளைக்கு அரைப்படி குடித்தது. வடக்கத்தி ஆடு ஒரு நாளைக்கு மூன்று படி குடித்தும் நாக்கைத் தொங்கப் போட்டது. இரண்டுக்கும் பிறந்தவை நடுவில் நின்றன. அந்தக் குட்டிகளை மறுபடி திடல் கிடாவோடு சேர்த்தால் அளவு திடல் பக்கம் சாய்ந்தது. எல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில் இருந்தது.

அதற்குள் திடலில் காயடிக்காத கிடாக்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒன்பது வீடுகளில் ஒன்பது கிடாக்கள். கூத்தையா கண்டும் காணாமல் விட்டவை. உத்தரவுப்படி அது தவறு. அந்தத் தவறை அவர் தெரிந்தே செய்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, கார்த்திகை மாதம். அதிகாரி அவர்கள் கூத்தையாவைக் கூப்பிட்டார். உன் நோட்டைக் கொடு, மேலிடத்துக்கு அனுப்புகிறேன். அந்த ஒன்பது கிடாக்களையும் நிலையத்துக்குக் கொண்டு வா, தனிப்பட்டியில் காப்பாற்றுவோம், பருவத்துக்குத் திடலுக்கே திருப்பி அனுப்புவோம். இது அதிகாரி சொன்ன வார்த்தை. மறுக்கிறீர்களா, ஐயா? தலையசைக்கவில்லை. நல்லது.

கூத்தையா வீடு வீடாகப் போனார். "யார நம்பிக் குடுக்க?" என்று கேட்டார்கள். "என்னைய நம்பிக் குடுங்க. நான் பொறுப்பு" என்றார். எட்டு வீட்டில் அன்றே கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். போனார். வாங்கினார். ஒன்பதும் நிலையத்துக்கு வந்தன. நோட்டு அதிகாரியின் அலமாரிக்குப் போனது.

மாசி மாதம் மேலிடத்திலிருந்து நிலையத்தைப் பார்வையிட வந்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால் கூத்தையாவைக் காரங்காட்டுக்கு ஊசி போட அனுப்பினார்கள். வந்தவர்களுக்குப் பெரிய ஆடுகளைக் காட்ட வேண்டும். பட்டியின் சராசரி எடை உயரமாக இருக்க வேண்டும். குட்டையான ஒன்பது கிடாக்கள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தன. விருந்துக்கும் கறி வேண்டியிருந்தது.

பெரியோர்களே! எட்டு வருட உழைப்பை, ஒரு கடற்கரையின் நூறு கோடைகளை, ஒரே மத்தியானத்தில் பிரியாணி ஆக்கினார்கள்!

அந்தப் பந்தியில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரன் யார் தெரியுமா? நான்தான். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் என் பத்திரிகையில் ஐந்தாம் பக்கம், இரண்டாவது பத்தியில் இப்படி எழுதினேன்: "நிலையத்தில் தரம் குறைந்த ஆடுகள் கழிக்கப்பட்டு, தேர்ந்த ஆடுகள் மட்டுமே பராமரிக்கப்படுகின்றன." அதிகாரி சொன்ன வாசகம். அப்படியே எழுதினேன்.

அன்று சாயங்காலம் கூத்தையா பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார்.

"பாக்கர் பாய், கழிச்சது என்ன ஆடுன்னு கேட்டீகளா?"

"கேக்கலையே."

"திங்கும்போதாவது கேட்டிருக்கலாம்ல."

அதற்கு மேல் அவர் கோபப்படவில்லை. நடந்ததைச் சொன்னார். மறுப்புப் போடுங்கள் என்றார். போடுகிறேன் என்றேன். மறுநாள் அதிகாரியைப் பார்த்தேன். "எழுதினால் கூத்தையாவின் வேலைதான் போகும், யோசித்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் யோசித்தேன். நண்பனின் வேலையைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றரை வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் காப்பாற்றியது எதை? அடுத்த விருந்துக்கு எனக்கு வர வேண்டிய அழைப்பை! வேறொன்றுமில்லை.

திடலில் என்ன நடந்தது? டீக்கடையில் யாரோ என் செய்தியை உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். தரம் குறைந்த ஆடுகள் கழிக்கப்பட்டன! கூத்தையா வாங்கிக்கொண்டு போய் விற்றுவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். வேறு என்ன நினைப்பார்கள்? அவர் போனபோது ஒருவரும் ஒரு செம்புத் தண்ணீர் தரவில்லை. பிச்சையம்மாள் அக்கா நடுத்தெருவில் நின்று, "ஏலே கவர்மெண்டு, கிடா எங்கனலே? வித்த காசுல ஒம்பொண்டாட்டிக்குக் கம்மல் வாங்கினியா?" என்று கேட்டிருக்கிறார். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஊசியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மேலே இருப்பவர்களின் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று அவர் மனைவி பாண்டியம்மாளிடம் நான் கேட்டேன். "சொல்லச் சொன்னேன். 'கை நீட்டி வாங்கினது நானு. என் மொகத்தப் பாத்துத்தான குடுத்தாக. வேற ஆளக் கைகாட்டுனா ஆடு திரும்பி வந்துருமா'ன்னாக" என்றார்.

கூத்தையா என்னை நம்பினார். அதிகாரியை நம்பினார். திடல் கூத்தையாவை நம்பியது. எல்லா நம்பிக்கையும் போய் விழுந்தது ஒரு மனிதனின் தலையில். அவர் அதைச் சுமந்தபடியே போன வாரம், பத்து நாள் காய்ச்சலில், ஐம்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். அவர் பாடைக்குப் பின்னால் திடலிலிருந்து ஒருவரும் வரவில்லை. இன்றும் பந்தலுக்குள் வரவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் கையில் இருந்த ஒரே ஆதாரம் நான் எழுதிய பொய்.

எனவே, தாய்மார்களே, இன்னொரு ஆதாரம் கொண்டுவந்திருக்கிறேன்.

கறி வெட்டியவர் என் தாய்மாமன் மகன் அலியார். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார். ஒன்றரை வருடம் வாயைத் திறக்காதவர், கூத்தையா இறந்த மறுநாள் என்னிடம் வந்தார். "மச்சான், அன்னைக்குக் காலையில காரங்காட்டுலருந்து அண்ணன் வந்தாரு. எல்லாம் முடிஞ்சு போச்சு. பாத்தாரு. அழுவல. 'அலியாரு, தலையெல்லாம் வீசிறாத. எடது காது மட்டும் எனக்கு அறுத்துக் குடு'ன்னாரு. நான் வெளயாட்டா, 'சூப்பு வைக்கவா அண்ணே'ன்னு கேட்டுப்புட்டேன். அந்தப் பாவம் இன்னும் என் நெஞ்சுல கிடக்கு மச்சான்" என்றார்.

நேற்றுக் காலை பாண்டியம்மாள் இந்த பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்தார். மேசை மேல் வைக்கிறேன். உள்ளே உப்பு. உப்புக்குள் ஒன்பது இடது காதுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டு வெட்டு. விற்றவர் காதை உப்புப் போட்டு வைப்பாரா? நீங்கள் வந்து பாருங்கள். உங்கள் வீட்டு வெட்டை உங்களுக்குத் தெரியும்.

வருகிறார்கள். தலைவர் அவர்களே, வழி விடச் சொல்லுங்கள். கூட்டம் கொஞ்சம் பொறுக்கட்டும்.

அவர்கள் பார்க்கட்டும். அதற்குள் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டின்னுக்குள் ஒரு சீட்டும் இருக்கிறது, கூத்தையாவின் கையெழுத்தில். நோட்டை அதிகாரி வாங்கிக்கொண்ட பிறகும் கூத்தையா அந்த ஒன்பது கிடாக்களும் குடித்த தண்ணீரை அளந்து சீட்டில் எழுதியிருக்கிறார். எட்டுக் கிடாக்கள் இரண்டு நாளைக்கு அரைப்படி. ஒன்று மட்டும் தினம் ஒரு படி. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. திடல் கிடா இவ்வளவு குடிக்காதே? அவருக்கு விளங்கவில்லை.

காதை உப்புப் போடும்போதுதான் விளங்கியிருக்கிறது. குட்டியில் வெட்டிய காதின் ஓரத்தை மயிர் மூடிவிடும். எட்டுக் காதுகள் அப்படித்தான் இருக்கின்றன. ஒன்பதாவது காதின் ஓரம் மொட்டையாக, தழும்பாக இருக்கிறது. கிடா வளர்ந்த பிறகு, அண்மையில் வெட்டிய வெட்டு. யாரோ சந்தையில் ஏதோ ஒரு கிடாவை வாங்கி, தம் கிடாவின் வெட்டையே அதன் இடது காதில் போட்டு, புண் ஆறப் பத்து நாள் வாங்கிக்கொண்டு, கூத்தையாவின் கையில் கொடுத்திருக்கிறார்கள்!

ஆமாம்! அவரையும் ஏமாற்றினார்கள்! அதிகாரி ஏமாற்றினார், நான் ஏமாற்றினேன், "நான் பொறுப்பு" என்று அவர் கெஞ்சி நின்ற வாசலிலும் ஏமாற்றினார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பாண்டியம்மாள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "காதக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சாக. அன்னைக்குச் சிரிச்சதுதான், அப்புறம் சிரிக்கல. 'அடியே, ஒருத்தி என்னைய நம்பலடி. நல்லவேள, நம்பல'ன்னாக."

யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் இடுக்கி அந்த வீட்டுக்கும் போயிருக்கும். தம்மைத் திருடன் என்று திட்டிய தெருவில் ஒரு கிடா உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தும், அந்த வசவை வாங்கிக்கொண்டு அதைக் காப்பாற்றினார். போன சித்திரையில் திடலில் வடக்கத்திக் கலப்புக் குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது ஒரு பட்டியில் மட்டும் சாவு இல்லை. அந்தப் பட்டியின் எதிரே உடைமரத்தடியில் அவர் அரை நாள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது அல்லவா?

காயடிக்கும் உத்தரவு போன மாதத்தோடு காலாவதியாகிவிட்டது. இனி எந்தக் கிடாவின் மேலும் கை வைக்க எவருக்கும் அதிகாரமில்லை. விசாரித்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

எந்த வீடு என்று நான் சொல்லப்போவதில்லை. பிச்சையம்மாள் அக்கா, நீங்கள் ஏன் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்கிறீர்கள்? நான்தான் பெயர் சொல்லவே இல்லையே!

அழ வேண்டாம், அக்கா. அவர் சிரித்தார் என்றுதான் சொன்னேன்.

முடித்துக்கொள்கிறேன். நாளை என் பத்திரிகையில் ஐந்தாம் பக்கம், இரண்டாவது பத்தி, அதே இடத்தில், மறுப்பு வரும். என் பெயர் போட்டு வரும். அதிகாரி அவர்களே, அந்த நீல அட்டை நோட்டு மேலிடத்துக்குப் போகவில்லை. நிலையத்தின் அனுப்புகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டேன். அது உங்கள் அலமாரியில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு பாண்டியம்மாளோடு வந்து வாங்கிக்கொள்வேன். அதில் இருநூற்றுப் பதினான்காவது வரிக்குக் கீழே இன்னும் நிறையப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது.

திடல் தாய்மார்களே, அந்த ஒரு கிடாவும் உங்கள் எல்லோர் வீட்டுப் பெட்டைகளும் சேர்ந்தால் போனது கொஞ்சமாவது திரும்பும். எந்தக் குட்டி எதற்குப் பிறந்தது என்று எழுத ஆள் வேண்டும். சாக்கும் கயிறும் நான் கொண்டுவருகிறேன். என்னை நம்புங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நம்ப வேண்டாம். வீட்டுக்குள் கூப்பிட வேண்டாம், கிடாவை அவிழ்த்துக் கையில் தரவும் வேண்டாம். படலுக்கு வெளியே நிறுத்திவைத்து, பிறந்த குட்டியின் இடது காதை மட்டும் காட்டுங்கள். நான் நின்றபடியே எழுதிக்கொள்கிறேன்.